திரையில் 12, உள்ளே 3: வைன் கூலர் சென்சரை மாற்றவா?

உப்புவெளி_குசினி:

வணக்கம். வீட்டுப் பாவனைக்கான 28 போத்தல் வைன் கூலர், ஒரே அறை, கொம்பிரசர் வகை. வாரண்டி முடிந்துவிட்டது. நிற்கிற இடம் உப்புவெளியில், கடலில் இருந்து கூப்பிடு தூரம், குசினிக்குப் பின்னால் உள்ள விறாந்தை.

12 பாகைக்கு வைத்திருக்கிறது, திரையும் 12 என்றுதான் காட்டுகிறது. ஆனால் நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் தனி வெப்பமானியைப் போட்டு வைத்தால் 3 பாகை. கொம்பிரசர் ஓய்வது அபூர்வம். பின்சுவரில் பனி பிடிக்கிறது. மழை விழுந்த நாட்களில் ஈ-2 என்று வந்து, வெயில் எறித்ததும் தானாகப் போய்விட்டது. கைநூலில் ஈ-1, ஈ-2 இரண்டுக்கும் ஒரே விளக்கம்: "சென்சர் பழுது".

பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே பின்சுவரில் இருக்கும் சல்லடை மூடியைத் திறந்தேன். கறுப்புத் தலையுடன் சின்ன சென்சர், அதிலிருந்து இரண்டு வயர், அவை ஒரு வெள்ளை பிளக்கில் முடிகின்றன. பிளக்கைப் பிரித்து, சென்சர் தலையை ஐஸ் தண்ணீரில் வைத்து மல்ரிமீற்றரால் அளந்தேன். 20 கே (கிலோஓம்) நிலையில் "1" என்று மட்டும் இடது ஓரத்தில் நிற்கிறது. சென்சர் அறுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? திருகோணமலையில் எங்கே வாங்கலாம்? எத்தனை கே என்று கேட்டு வாங்க வேண்டும்?

கிண்ணியா_ஸ்பானர்:

சென்சர் போயிட்டுது. பெரும்பாலான பெட்டிகளுக்கு 10 கே தான். ரிவி, ரேடியோ திருத்துகிற கடைகளில் கேட்டுப் பாருங்கோ, இல்லாவிட்டால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் நிச்சயம் எடுக்கலாம். எந்த 10 கே என்றாலும் காணும். வெட்டி இணைத்தால் ஐந்து நிமிச வேலை.

சீனக்குடா_சர்க்கிட்:

தம்பி, கட்டரை கீழே வையுங்கள். இன்னும் ஒன்றையும் வெட்ட வேண்டாம்.

மீற்றரில் 20 கே நிலை என்றால் 19.99 கே வரைதான் காட்டும். அதற்கு மேலே போனால் "1". உங்கள் சென்சர் 10 கே வகை என்றால் ஐஸ் தண்ணீரில் அதன் தடை 33 கே அளவில் இருக்க வேண்டும். ஆகவே நல்ல சென்சரும் அந்த நிலையில் "1" தான் காட்டும். குமிழை 200 கே-க்குத் திருப்பி மறுபடி அளவுங்கள்.

இது என்.ரி.சி. வகை. சூடு கூடக் கூடத் தடை குறையும். 10 கே என்பது 25 பாகையில் உள்ள அளவு. பீற்றா (சூட்டோடு தடை எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்லும் எண்) 3950 உள்ளதற்குக் கணக்குப் போட்டால் 30 பாகையில் 8 கே, 12 பாகையில் 18.3 கே, 5 பாகையில் 26 கே, 0 பாகையில் 33.6 கே. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

ஐஸ் தண்ணீரையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். உடைத்த ஐஸால் கோப்பையை முக்கால்வாசி நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். ஐஸ் மேலே மிதக்க, அடியில் வெறும் தண்ணீர் நின்றால் அடித்தண்ணீர் 4 பாகைக்குக் கிட்ட நிற்கும். உப்புவெளிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அது வேண்டாம், போத்தல் தண்ணீர் எடுங்கள். முதலில் சென்சர் தலையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் விட்டு அளந்து, பிறகு பையில்லாமல் அளவுங்கள். பையோடு நிலையாக நின்ற எண் பையில்லாமல் இறங்கி ஆடினால் தலையில் வெடிப்பு, தண்ணீர் உள்ளே போகிறது. மீற்றர் முனைகளை இரண்டு கையாலும் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பின் தடையும் அளவில் கலந்துவிடும்.

இனி உங்கள் அறிகுறிக்கு வருகிறேன், ஏனென்றால் அது சென்சர் அறுந்ததோடு பொருந்தவே இல்லை. அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். போர்ட் (பெட்டியை இயக்கும் சர்க்கிட் பலகை) அதைக் கடுங்குளிர் என்று எடுத்து கொம்பிரசரை ஓட்டாது, அல்லது உடனே பிழைக்குறி போடும். உங்களுக்கு நடப்பது எதிர்மாறு: உண்மையில் 3 பாகை, போர்ட் நினைப்பது 12. அப்படியென்றால் 29 கே அளவில் இருக்க வேண்டிய இடத்தில் போர்ட்டுக்கு 18 கே மட்டும்தான் போய்ச் சேருகிறது. தடையைக் குறைக்கிற ஒன்று சென்சருக்குப் பக்கவாட்டில் இணைந்திருக்கிறது. மழையில் கூடுகிறது, வெயிலில் குறைகிறது. அது ஈரமும் உப்பும்.

கணக்காகவே பாருங்கள். இரண்டு வயருக்கும் இடையில் 47 கே கசிவு இருக்கிறது என்று வைப்போம். 18.3 கே வரும்வரை போர்ட் குளிராக்கிக்கொண்டே இருக்கும். கசிவோடு சேர்ந்து 18.3 வர, சென்சர் 30 கே-க்குப் போக வேண்டும். 30 கே என்பது 2 பாகைக்குச் சற்று மேலே. உங்கள் கிளாஸ் தண்ணீர் 3. மழை நாளில் ஈரம் கூடி இடைத்தடை 1 கே-க்குக் கீழே விழுந்தால், போர்ட்டுக்கு அது 90 பாகைக்குக் கிட்டத் தெரியும். பெட்டிக்குள் அப்படி ஒரு சூடு வராது என்பதால் "சோர்ட்" (இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டிவிட்டன) என்று முடிவெடுத்து ஈ-2 போடும். குறிகளின் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆனால் உங்கள் பெட்டியில் ஈ-2 இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. திரையில் நிற்கும் 12 உள்ளே அளந்ததா, நீங்கள் வைத்ததா? சில பெட்டிகள் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கதவை ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். எண் ஏறினால் அளந்தது.

செய்ய வேண்டியது: பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, பின் அடிமூடியைத் திறந்து, போர்ட்டில் உள்ள சென்சர் பிளக்கையும் பிரியுங்கள். இப்போது இரண்டு முனையும் எதனோடும் சேராமல் இருக்கும் அந்த வயர் சோடியை மட்டும், 200 கே-யிலும் பிறகு 2 எம் (மெகாஓம்) நிலையிலும் அளவுங்கள். அங்கே "1" தான் வர வேண்டும். எண் ஏதாவது வந்தால் அதுதான் கள்ளன்.

கிண்ணியா_ஸ்பானர்:

200 கே விசயம் சரிதான், நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் வயர் சுவருக்குள் உள்ள குளிர்காப்பு நுரைக்குள்ளால் போகும் பெட்டி என்றால் தேடிக்கொண்டிருப்பது வீண். எஸ்.ரி.சி.-1000 மாதிரி ஒரு தனிக் கட்டுப்படுத்தியை வெளியே வைத்து, அதன் சென்சரைக் கதவு ரப்பருக்குள்ளால் உள்ளே விட்டு, முழுப் பெட்டிக்கும் அதன் மூலம் கறண்ட் கொடுக்கலாம். 10 அம்பியர் ரிலே, தாராளமாகத் தாங்கும். கொம்பிரசர் தாமதத்தை 5 நிமிடத்துக்கு வைத்தால் சரி.

சீனக்குடா_சர்க்கிட்:

கடைசி வழியாக அது சரி. ஆனால் தொடுதிரை உள்ள பெட்டி பலதும் கறண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காது, விரலால் தட்டும்வரை நிற்கும். அப்படிப்பட்டதை வெளிக் கட்டுப்படுத்தியில் போட்டால் முதல் தடவை நிறுத்திய பிறகு திரும்ப ஓடாது. முதலில் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதிக்க வேண்டும். அதோடு உள் விசிறியும் சேர்ந்து நின்றுவிடும், மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வித்தியாசம் கூடும்.

லிங்கநகர்_வாசகன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 12 போத்தல் சின்னப் பெட்டி, கொம்பிரசர் இல்லாதது. 12-க்கு வைத்தால் பகலில் 18, 19-க்குக் கீழே இறங்குவதே இல்லை. இதுவும் சென்சரா?

நிலாவெளி_குளிர்:

இல்லை. அது பெல்ற்றியர் வகை, கறண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடுகிற தகடு. அறைச் சூட்டில் இருந்து 15 முதல் 18 பாகை வரை இறக்குவதே அதற்குப் பெரும்பாடு. கச்சான் அடிக்கிற மாதங்களில் இங்கே அறைக்குள் 34, 35 நிற்கும். அதிலிருந்து கழித்துப் பாருங்கள். விடியப்புறம் 14, 15-க்கு இறங்குகிறதா? இறங்கினால் சென்சர் நல்லது. பின் விசிறியில் பிடித்த தூசியைத் தட்டி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பெயர்த்தகட்டில் காலநிலை வகுப்பைப் பார்க்க வேண்டும்: "என்" என்றால் 32 பாகை அறைச் சூடு வரை, "எஸ்.ரி." 38 வரை, "ரி" 43 வரை. இந்த ஊருக்கு "என்" சரிவராது.

உப்புவெளி_குசினி:

சீனக்குடா அண்ணா, அளவுகள் இதோ. சென்சர் ஐஸ் தண்ணீரில், 200 கே நிலையில் 33.4. பையோடும் பையில்லாமலும் அதே எண். வெளியே 30 பாகையில் 8.1. ஆகவே சென்சர் நல்லது.

கதவைத் திறந்து வைத்தபோது திரை 12-இல் இருந்து 17-க்கு ஏறியது.

இரண்டு முனையும் கழற்றிய வயர் சோடி: 46-இல் தொடங்கி மெதுவாக 58 வரை ஏறியது. மீற்றர் முனைகளை மாற்றிப் பிடித்தால் 39. ஏன் இப்படி ஆடுகிறது? உள்ளே உள்ள வெள்ளை பிளக்கில் பச்சை தெரிகிறது. ஐசோபுரப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணித்தியாலம் காயவிட்டு மறுபடி அளந்தேன்: 70 கே. கசிவு குறைந்ததே தவிரப் போகவில்லை.

சீனக்குடா_சர்க்கிட்:

முனையை மாற்றினால் எண் மாறுவதும், பிடித்துக்கொண்டிருக்க ஏறுவதும் ஈர உப்புக் கசிவின் கையெழுத்து. கார்பன் ரெசிஸ்ரர் அப்படி ஆடாது. மீற்றர் விடும் மின்னோட்டமே உப்பு நீரை மின்பகுப்புச் செய்கிறது. போர்ட்டின் 5 வோல்ற் வருசக்கணக்காக அதையே செய்தது. அதனால்தான் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் கூடுதலாக அரித்திருக்கும், நேர்ப்பக்கத்துப் பின்.

மீதி 70 கே வேறு இடத்தில் இருக்கிறது. நுரைக்குள் போகும் வயர் பெரும்பாலும் இடையில் இணைப்பில்லாமல் ஒரே நீளமாகவே இருக்கும், அங்கே கசிய வழியில்லை. பின்பக்கம், கொம்பிரசருக்கு மேலே உள்ள தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். பனி உருகிய தண்ணீர் அதில் விழுந்து கொம்பிரசர் சூட்டில் ஆவியாகும். நுரையில் இருந்து வெளியே வரும் வயர் அங்கேதான் போர்ட்டுக்குப் போகும் வயரோடு சேரும். பிளாஸ்ரிக் தொப்பி நசுக்கிய இரண்டு இணைப்பு அல்லது கறுப்பு ரேப் சுற்றிய முடிச்சு இருக்கும். 24 மணித்தியாலமும் சுடுநீராவி, அதற்கு மேல் கடற்காற்று. அந்த இணைப்பின் இருபுறமும் வெட்டி, நுரைப்பக்கச் சோடியையும் போர்ட்பக்கச் சோடியையும் தனித்தனியே 2 எம் நிலையில் அளந்தால் எது கசிகிறது என்று தெரிந்துவிடும். இப்போது கட்டரை எடுக்கலாம்.

போர்ட்டையும் சந்தேகமில்லாமல் ஆக்கிக்கொள்ளுங்கள். சென்சர் பிளக் இருந்த இடத்தில் 10 கே, நூற்றுக்கு ஒன்று துல்லியமுள்ள ரெசிஸ்ரர் ஒன்றைச் செருகி, கை எடுத்து, பிறகு கறண்ட் கொடுங்கள். திரை 25 காட்ட வேண்டும். 18 கே போட்டால் 12-ஐ ஒட்டி. 25-க்குப் பதிலாக 30, 32 என்று வந்தால் போர்ட்டிலேயே கசிவு, சென்சர் வழிக்குக் குறுக்கே உள்ள சின்னக் கபாசிற்றரைப் பார்க்க வேண்டும். போர்ட்டில் 230 வோல்ற் இருக்கிறது, ஓடும்போது உள்ளே விரல் வேண்டாம்.

நிலாவெளி_குளிர்:

சோல்டரை எடுக்கமுன் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூற்றேன், தீப்பற்றும் வாயு. சில பத்துக் கிராம்தான் என்றாலும் பெட்டியை வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு இழுத்துவிட்டு வேலை செய்யுங்கள். செப்புக் குழாயை வளைக்க வேண்டாம். லைற்றரால் சூடாக்குகிற வேலையும் வேண்டாம், ஹீற் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய் உறை) சுருக்கச் சோல்டர் இரும்பின் பக்கத்தைத் தடவினாலே காணும்.

இணைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இந்த ஊரில் திரும்பத் திரும்பப் பழுதாவது அதுதான். வயரை உரித்ததும் செம்பு கறுப்பாக இருந்தால் அதில் ஈயம் ஒட்டாது. ஒட்டினது போலத் தெரிந்து பிறகு விடும். உப்பு ஈரம் உறைக்குள்ளால் ஏறியிருக்கும், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், மூன்று நான்கு சென்ரிமீற்றர் போகலாம். நீளம் காணாவிட்டால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் ஒரு துண்டு இடையில் சேருங்கள். இரண்டு இணைப்பும் நேருக்கு நேர் வரக்கூடாது, 2 சென்ரிமீற்றர் தள்ளித் தள்ளி. ரோசின் பிளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசுவது) மட்டும், தகர வேலைக்குப் பாவிக்கும் அமிலம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பசை பூசிய ஹீற் ஷ்ரிங்க், அதற்கு மேல் இரண்டையும் சேர்த்து இன்னொன்று. சுருங்கும்போது இரு ஓரத்திலும் பசை ஒரு மணி போல வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் அடைபடவில்லை. கறுப்பு ரேப் மட்டும் சுற்றினால் ஒரு வாடைக்காலம் தாங்காது.

சிலிக்கோன் பூச நினைத்தால், மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது அசெற்றிக் அமிலம் விடுகிற வகை, செம்பைத் தின்னும். மணமில்லாத நியூட்ரல் வகை வேண்டும். வெள்ளை பிளக்கின் பின்களுக்கு ஒரு துளி சிலிக்கோன் கிறீஸ்.

இணைப்பைத் தண்ணீர்த் தட்டுக்கு மேலே, உயரத்தில் கட்டுங்கள். வயர் போர்ட்டுக்குப் போகமுன் ஒரு தடவை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

உப்புவெளி_குசினி:

சொன்ன இடத்திலேயே இருந்தது. தட்டுக்கு நேர் மேலே இரண்டு பிளாஸ்ரிக் தொப்பி, ஒன்றைப் பிரித்ததும் பச்சைக் களி. அந்த வயரின் செம்பு நான்கு சென்ரிமீற்றர் வரை கறுப்பு, மற்றது நல்லது. வெட்டியதும் நுரைப்பக்கச் சோடி 2 எம் நிலையில் "1", போர்ட்பக்கச் சோடியும் "1". 10 கே ரெசிஸ்ரர் போட்டபோது திரை 25.

இணைத்து, எல்லாம் பூட்டிவிட்டு, இப்போது கிளாஸ் தண்ணீர் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு 12.5. கொம்பிரசர் நின்று நின்று ஓடுகிறது. உதிரியாக ஒரு சென்சர் வாங்கி வைக்க நினைக்கிறேன். கிண்ணியா அண்ணா சொன்னபடி எந்த 10 கே என்றாலும் சரியா?

சீனக்குடா_சர்க்கிட்:

இல்லை, பீற்றாவும் சேர்ந்து பொருந்த வேண்டும். உங்களுடையது 0 பாகையில் 33.4 காட்டியதால் 3950 குடும்பம். பீற்றா 3435 உள்ள 10 கே-யும் 25 பாகையில் அதே 10-தான், ஆனால் 0 பாகையில் 27 முதல் 29 கே வரைதான் வரும். அதை இந்தப் பெட்டியில் போட்டால் 12-க்கு வைக்க உள்ளே 10 நிற்கும், 5-க்கு வைக்க 2-ஐ ஒட்டிப் போகும். கடைக்காரர் தவறி 5 கே தந்தால் 25 பாகை அறையில் திரை 41, 42 காட்டும், கொம்பிரசர் நிற்காது. கடையில் பீற்றா எழுதியிருக்காவிட்டால் வீட்டில் ஐஸ் தண்ணீரில் அளந்து, 33-க்குக் கிட்ட இல்லாததைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வயரில் எது எங்கே என்ற கவலை வேண்டாம், இதற்கு நேர் எதிர் கிடையாது.

கிண்ணியா_ஸ்பானர்:

ஒப்புக்கொள்கிறேன். "எந்த 10 கே-யும்" என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

நிலாவெளி_குளிர்:

பனி பிடித்த பெட்டி என்பதால் கதவு ரப்பரையும் ஒருக்கால் பாருங்கள். ஒரு கடதாசித் துண்டைக் கதவுக்குள் வைத்து மூடி இழுத்தால் நாலு பக்கமும் பிடி இருக்க வேண்டும். லேசாக வழுகிற இடத்தில் ஈரக்காற்று உள்ளே போய், அந்த வெள்ளை பிளக் திரும்பவும் பச்சையாகும்.

சல்லடை மூடியைத் திரும்ப மாட்டும்போது சென்சர் தலை அதன் பிடிக்குள், காற்றில் தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். பின்சுவரில் பட்டால் சுவரின் குளிரைத்தான் அளக்கும், கொம்பிரசர் முந்தி நிற்கும், போத்தல்கள் 15, 16-இல் நிற்கும். மூடிக்கு முன்னால் போத்தலின் அடியை முட்டக் கொடுத்து அடுக்கவும் வேண்டாம், இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.